மாங்கன்றுக்கு நெருக்கு ஒட்டா, இளந்தண்டு ஒட்டா?

மாங்கன்று உற்பத்திக்கு நாங்கள் கையாள்வது இளந்தண்டு ஒட்டுதான், அதாவது தாய்மரத்திலிருந்து வெட்டிய குச்சியை இளம் நாற்றின் தண்டில் சொருகிக் கட்டும் முறை. கிளையைத் தாய்மரத்திலிருந்து வெட்டாமலே தொட்டிக் கன்றோடு சேர்த்துக் கட்டும் நெருக்கு ஒட்டு பழைய, நம்பகமான முறை என்பதில் மாற்றுக்கருத்து இல்லை. தாய்மரத்தடியில் பரண் கட்டித் தொட்டிகளை ஏற்றி வைப்பது, மாதக்கணக்கில் தண்ணீர் ஊற்றுவது, ஒரு மரத்தில் இத்தனை கன்றுதான் கட்ட முடியும் என்ற வரம்பு ஆகியவை ஒட்டுக்கட்டும் எல்லோருக்கும் தெரிந்தவையே. கூலிக் கணக்கை ஒதுக்கிவிட்டு, காயம் எப்படி ஆறுகிறது என்பதை மட்டும் வைத்துப் பார்த்தாலும் இளந்தண்டு ஒட்டே முந்துகிறது.

கத்தி பட்ட செல்கள் மறுபடி ஒட்டிக்கொள்வதில்லை. அவை செத்து, வெட்டுமுகத்தில் மெல்லிய பழுப்புப் படலமாகத் தங்கிவிடுகின்றன. அதற்கு அடுத்துள்ள உயிருள்ள செல்கள், குறிப்பாகப் பட்டைக்கு உட்புறம் இருக்கும் கேம்பியம் என்ற வளர்திசுவும் அதையொட்டிய பாரன்கைமா என்ற மென்செல்களும், வேகமாகப் பிரிந்து கேலஸ் என்ற வெளிர்நிறத் திசுவை உருவாக்குகின்றன. வேர் தரும் கன்றான வேர்ச்செடியிலிருந்தும், தாய்மரத்திலிருந்து எடுத்து ஒட்டும் தாய்க்குச்சியிலிருந்தும் இப்படி வளரும் கேலஸ், இடைவெளியை நிரப்பி நடுவில் சந்திக்கிறது. செல்சுவர்களில் உள்ள பெக்டின் இரண்டையும் பிடித்துக்கொள்கிறது. பிறகு கேலஸுக்குள்ளேயே புதிய கேம்பியம் தோன்றி இருபுறக் கேம்பியத்தையும் இணைக்கிறது. அதிலிருந்து, இலையில் உருவாகும் உணவைக் கடத்தும் ஃபுளோயமும் வேரிலிருந்து தண்ணீரை ஏற்றும் சைலமும் உருவாகின்றன. ஆய்வுக்கூடங்களில் வளர்க்கும் அரபிடாப்சிஸ் என்ற சிறு செடியின் நாற்றில் ஒட்டுக்கட்டிப் பார்த்த ஆய்வுகளில் ஃபுளோயம் 3 நாள் அளவிலும், சைலம் 7 நாள் அளவிலும் இணைந்தன. மாவில் இது வாரக்கணக்கில் ஆகும். தண்ணீர் ஏறும் சைலம் கடைசியில்தான் இணைகிறது என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால், இரண்டு முறைகளின் குணமும் விளங்கிவிடும்.

நெருக்கு ஒட்டில் இந்தத் தண்ணீர்ப் பிரச்சினையே வராது. தாய்க்கிளை தன் மரத்தின் வேரிலும், வேர்ச்செடி தன் வேரிலும் நின்றபடியே ஒட்டுகின்றன. ஏறக்குறைய ஒரு வயதான, பென்சில் தடிமனுள்ள வேர்ச்செடியிலும் அதே தடிமனுள்ள கிளையிலும் 5 செ.மீ நீளத்துக்குப் பட்டையோடு சிறிது கட்டையையும் சீவி, முகத்தோடு முகம் பொருத்திக் கட்டுகிறோம். 2 முதல் 3 மாதம் கழித்து, ஒட்டுக்குக் கீழே தாய்க்கிளையில் பாதியளவு வெட்டு கொடுத்து, ஒரு வாரம் விட்டு ஆழப்படுத்தி, பிறகு முழுதாகப் பிரிக்கிறோம். வேர்ச்செடியின் தலையை ஒட்டுக்கு மேலே நறுக்கிவிடுகிறோம். பக்குவமாகச் செய்தால் தவறுவது குறைவு.

ஆனால் ஒட்டின் தரம் வேறு விஷயம். சீவிய முகத்தில் கேம்பியம் தெரிவது இரு ஓரங்களில் கோடாக மட்டுமே, அதுவும் தண்டின் ஒரு பக்கத்தில். நடுவில் இருப்பது முற்றிய கட்டை, அங்கே கேலஸ் விடும் செல்கள் சொற்பம். கேம்பியக் கோடுகள் சற்று விலகினாலும் பாலம் மெலிந்துபோகிறது. இரண்டுக்கும் சொந்த வேர் இருப்பதால், ஒட்டாத கன்றுகூடப் பிரிக்கும் நாள்வரை பச்சையாகவே நிற்கும். பிரித்த பின்னர்தான் குட்டு வெளிப்படும், அதற்குள் பருவம் போய்விடும். அரைகுறையாக ஒட்டியது இன்னும் மோசம். தோட்டத்தில் நட்ட பிறகு, தலை கனத்துக் காற்று வீசும்போது ஒட்டுவாயிலேயே பிளந்துகொள்ளும்.

இளந்தண்டு ஒட்டில் 40 முதல் 60 நாள் வயதுள்ள நாற்றே வேர்ச்செடி. தண்டு இன்னும் கட்டையாக இறுகாததால் கேம்பியம் மட்டுமல்ல, பட்டையின் உட்பகுதியிலும் தண்டின் நடுவிலும் உள்ள மென்செல்களும் பிரிந்து கேலஸ் விடுகின்றன. நாற்றைத் தரையிலிருந்து 15 முதல் 20 செ.மீ உயரத்தில் நறுக்கி, நடுவில் 3 முதல் 4 செ.மீ ஆழத்துக்குப் பிளக்கிறோம். தாய்க்குச்சியின் அடியை அதே நீளத்துக்கு இருபுறமும் ஆப்பாகச் சீவிச் சொருகும்போது, நான்கு ஓரங்களில் கேம்பியம் சந்திக்கிறது. குச்சி மெலிந்திருந்தால் நடுவில் வைக்கக் கூடாது, ஒரு பக்கமாவது பட்டையும் பட்டையும் நேராக வருமாறு ஒதுக்கி வைக்க வேண்டும். நடுவில் வைத்தால் அழகாகத் தெரியும், ஒட்டாது.

ஆப்பின் ஒவ்வொரு முகத்தையும் ஒரே இழுப்பில் சீவ வேண்டும். மழுங்கிய கத்தி செல்களை நசுக்கிச் செத்த படலத்தைத் தடிமனாக்கிவிடும், கேலஸ் அதைத் துளைத்து வரத் திணறும். மாவின் வெட்டுமுகம் காற்றுப்பட்டால் சீக்கிரம் கறுக்கும், அதனால் குச்சியைச் சீவி வைத்துக்கொண்டு நாற்றைத் தேடக் கூடாது. 2 செ.மீ அகலப் பாலித்தீன் நாடாவைக் கீழிருந்து மேலாகச் சுற்றினால் அடுக்குகள் ஓடு வேய்ந்தது போல அமைந்து தண்ணீரை உள்ளே விடாது. விரலால் அசைத்தால் குச்சி அசையக் கூடாது. அசைவு ஒவ்வொன்றும் புதிதாக வந்த கேலஸைக் கிழிக்கும்.

இந்த முறையின் வெற்றியும் தோல்வியும் பெரும்பாலும் தாய்க்குச்சியில் இருக்கிறது. 3 முதல் 4 மாத வயதுள்ள நுனித்தண்டாகத் தேர்ந்து, வெட்டுவதற்கு 7 முதல் 10 நாள் முன்பே மரத்தில் வைத்தே இலைகளைக் கிள்ளிவிட வேண்டும். காம்பை மட்டும் விட்டால் அது தானே உதிர்ந்து தழும்பு மூடிக்கொள்ளும், ஈரம் கசியும் வழி குறையும். அதைவிட முக்கியம், நுனிமொட்டு பருத்துவிடும். பருத்த மொட்டிலிருந்து இறங்கும் ஆக்சின் என்ற வளர்ச்சி ஊக்கிதான் கேலஸ் செல்களைச் சைலமாகவும் ஃபுளோயமாகவும் மாறத் தூண்டுவது. உறங்கும் மொட்டுள்ள குச்சியை எவ்வளவு நேர்த்தியாகக் கட்டினாலும், உள்ளே கேலஸ் இருக்கும், குழாய் இருக்காது.

சைலம் இணையும்வரை குச்சி தன்னிடமுள்ள ஈரத்தில்தான் பிழைக்க வேண்டும். அதற்காகத்தான் குச்சிக்கு மேல் பாலித்தீன் உறை மாட்டி, ஒட்டுவாய்க்குக் கீழே கட்டுகிறோம். உறைக்குள் நீர்த்துளி படிந்திருந்தால் சரி. உறையோடு வெயிலில் வைத்தால் குச்சி வெந்துவிடும், 50 சதவீத நிழல்வலை கட்டாயம். கேலஸுக்கு 25 முதல் 30 டிகிரி வெப்பம் நல்லது. சித்திரை, வைகாசி வெயிலில் வலை இருந்தாலும் தவறுவது கூடும், அந்த நாட்களில் கட்டாமல் இருப்பதே நலம்.

2, 3 வாரத்தில் துளிர் வந்ததும் உறையைக் கழற்ற அவசரப்படக் கூடாது. முதல் துளிர் குச்சியின் சேமிப்பில் வந்ததாகவும் இருக்கலாம். நாடா வழியே உற்றுப் பாருங்கள். பிளவின் ஓரத்தில் வெள்ளை ரவை போலக் கேலஸ் திரண்டிருந்தால், இலை விரியத் தொடங்கியதும் மாலை நேரத்தில் கழற்றலாம். ஓரம் கறுத்தே இருந்தால், துளிர் எவ்வளவு செழிப்பாகத் தெரிந்தாலும் உறை போன சில நாட்களில் தொங்கிவிடும். ஒட்டுக்குக் கீழே வேர்ச்செடி விடும் துளிர்களை வாரம் ஒருமுறை கிள்ளுங்கள், விட்டுவைத்தால் சாறு அந்தப் பக்கமே போகும். 3 மாதத்துக்குள் நாடாவை அறுத்துவிட வேண்டும். மறந்தால் தண்டு பருக்கும்போது நாடா பட்டைக்குள் புதைந்து, ஃபுளோயத்தை நெரிக்கும்.

இவ்வளவு சொன்னாலும் நெருக்கு ஒட்டை எல்லா மரத்துக்கும் கைவிடச் சொல்ல மாட்டோம். சப்போட்டாவுக்கு வேர்ச்செடியாகும் பாலை மரக்கன்று மிக மெதுவாக வளரும். பென்சில் தடிமன் வருவதற்குள் தண்டு இறுகிவிடுகிறது, வெட்டினால் பாலும் வடிகிறது. அங்கே தாய்மரத்தோடு நெருக்கிக் கட்டுவதே இன்றும் வழக்கம், காரணமும் நியாயமானது. பலாவில் இளந்தண்டு ஒட்டு வருகிறது, ஆனால் மாவைப் போல அடித்துச் சொல்ல எங்கள் கைப்பழக்கம் போதாது. மாவிலும், கிளைகள் துளிர்விடாமல் முற்றிக் கிடக்கும் கிழட்டுத் தாய்மரம் ஒன்றே ஒன்று இருந்து, அதன் ரகத்தை நான்கைந்து கன்றுகளில் காப்பாற்றினால் போதும் என்றால், தொட்டியைத் தூக்கிக்கொண்டு மரத்திடம் போவதே சரி.