கூகுள் சர்ச் கன்சோல்: தேடுபொறியின் கண்ணால் நம் தளத்தைப் பார்க்க ஒரு கருவி

இணையதளம் நடத்துவோருக்குக் கூகுள் கட்டணமின்றி வழங்கும் சர்ச் கன்சோல், 2015 வரை வெப்மாஸ்டர் டூல்ஸ் என்ற பெயரில் இருந்தது. இதில் நான் மிகவும் மதிப்பது முகவரிச் சோதனையைத்தான்: ஒரு பக்கத்தின் முகவரியை மேலே உள்ள கட்டத்தில் இட்டால், இணையப் பக்கங்களைப் படித்துவரும் கூகுளின் நிரலான கூகுள்பாட் அதைக் கடைசியாக எப்போது படித்தது, படிக்க அனுமதி இருந்ததா, ஒரே உள்ளடக்கம் பல முகவரிகளில் இருந்தால் கூகுள் எதை மூல முகவரியாக எடுத்துக்கொண்டது என்பவை தெரிந்துவிடும். தளத்தின் சோதனைக் காலத்தில், தேடுபொறிகள் எவற்றைப் படிக்கலாம் என்று சொல்லும் ரோபோட்ஸ் கோப்பில் நானே எழுதி நீக்க மறந்த, 'டிஸ்அலோ' என்ற சொல்லும் ஒரு சாய்கோடும் மட்டுமே கொண்ட வரி, என் தளம் முழுவதையும் பூட்டி வைத்திருந்ததை இதுதான் காட்டிக்கொடுத்தது. அந்த வரியை அழித்தபோது பெருமூச்சு விட்டேன்.

தளத்தின் பக்க முகவரிகளைப் பட்டியலிடும் தளவரைபடத்தைச் சமர்ப்பிப்பதும் எளிது. ஒரு கோப்பில் 50,000 முகவரிகள் வரை, 50 எம்பிக்குள் தரலாம் என்பதால் பெரும்பாலான தளங்களுக்கு ஒரே கோப்பு போதும்.

ஆனால், பக்கத்தைக் கூகுளின் தேடல் பட்டியலில் சேர்க்குமாறு கோரும் பொத்தானை ஒரே முகவரிக்குப் பலமுறை அழுத்துவதால் வேகம் கூடாது. தளத்தின் வேறெந்தப் பக்கமும் சுட்டாமல் தனித்துக் கிடக்கும் பக்கத்துக்கு, தொடர்புடைய பழைய பக்கங்களிலிருந்து இணைப்பு கொடுப்பதே முதலில் செய்ய வேண்டிய வேலை. அதை இந்தக் கருவி நமக்காகச் செய்யாது.