களனிவெளிப் பாதை: அன்றைய குறுகிய தடமா, இன்றைய அகலத் தடமா?

கொழும்பிலிருந்து நுகேகொடை, மகரகம, ஹோமாகம வழியாக அவிசாவளைக்குப் போகும் களனிவெளி ரயில் பாதை முதலில் 762 மி.மீ. குறுகிய தடம், அதாவது இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே அவ்வளவுதான் இடைவெளி. 1990-களில் 1,676 மி.மீ. அகலத் தடமாக மாறியது. பெட்டிக்குள் இடம் கூடியதும், மற்றப் பாதைகளின் ரயில்களை இங்கேயும் ஓட்ட முடிவதும் பெரிய நன்மை, அதில் சந்தேகமே இல்லை.

ஆனால் வேகம்? குறுகிய தடம் சின்ன ரயிலுக்கென்று வளைந்து வளைந்து போட்டது. அந்த வளைவுகளைப் பெரும்பாலும் அப்படியே வைத்துவிட்டுத் தண்டவாளத்தை மட்டும் அகலமாக்கினால், பெரிய ரயில் மெதுவாகத்தானே போகும்! சரி, இரண்டில் எது மேல் என்றால் அகலத் தடம்தான், ஏனென்றால் வேலைக்குப் போகும் கூட்டத்தைப் பழைய சின்னப் பெட்டிகள் தாங்காது. அடுத்த செலவு வளைவுகளை நிமிர்த்தவும் இரட்டைத் தடம் போடவும் போகட்டும்.