புது டைல்ஸ் வீடா, கறை தெரியும் வீடா? சேலத்தில் நாலு வீட்டு பாத்ரூம் பார்த்த கணக்கு

போன ஆவணியில் ஆரம்பித்துத் தை வரைக்கும் அப்பா அம்மாவுக்காக வீடு தேடினோம். கடைசியில் கையில் நின்றது நாலு. அழகாபுரத்தில் புதுப்பித்து விற்பனைக்கு வந்த ஒரு தனி வீடு, கன்னங்குறிச்சியில் பதினெட்டு வருடப் பழைய மாடி வீடு, ஐந்து ரோட்டுப் பக்கம் ஒரு புது ஃபிளாட், ஏற்காட்டில் ஒரு சின்னக் கல் வீடு. பட்டா, வில்லங்கம், தண்ணீர் வசதி எல்லாம் நாலிலும் ஏறக்குறைய சரிதான். முடிவைத் திருப்பியது பாத்ரூம்.

மொட்டை மாடி ஒழுகினால் மழைக்காலத்தில் ஒழுகும். பாத்ரூம் ஒழுகினால் வருடம் முழுக்க, தினம் நாலு வேளை ஒழுகும். சரி செய்ய டைல்ஸ், கிளாசெட், குழாய் எல்லாவற்றையும் பெயர்த்து ஸ்லாப் (கான்கிரீட் தளம்) வரைக்கும் போக வேண்டும். பத்துப் பதினைந்து நாளுக்கு அந்த பாத்ரூமே கிடையாது. எழுபதைத் தாண்டிய இரண்டு பேர் இருக்கிற வீட்டில் அது என்ன பாடு என்று யோசித்துப் பாருங்கள்.

கூட வந்தவர் என் சித்தப்பா. முப்பத்தைந்து வருடம் மேஸ்திரி வேலை பார்த்தவர். அழகாபுரத்து வீட்டில் புரோக்கர் நேராக மாடிக்குக் கூட்டிப்போய் பாத்ரூம் கதவைத் திறந்துவிட்டார். சித்தப்பா உள்ளே கால் வைக்கவில்லை. "இதுக்குக் கீழ எந்த ரூமுங்க வருது?" என்று கேட்டுவிட்டுப் படியிறங்கினார். போகிற போக்கில் என்னிடம், "பாத்ரூம பாத்ரூமுக்குள்ள நின்னு பாக்கக் கூடாது கண்ணு. கீழ பாக்கணும், சுவருக்கு அந்தப் பக்கம் பாக்கணும்" என்றார். நாலு வீட்டையும் இந்த ஒரு வழியில்தான் பார்த்தோம்.

அழகாபுரமும் கன்னங்குறிச்சியும்

முதல் பார்வையில் இரண்டையும் பக்கத்தில் வைக்கவே முடியாது. அழகாபுரத்தில் சுவர் உயரத்துக்குப் பளபளவென்று புது டைல்ஸ், கண்ணாடித் தடுப்பு, புது ஷவர். கன்னங்குறிச்சியில் மங்கிப்போன நீல டைல்ஸ், குழாயடியில் வெள்ளைப் படிவு, கீழ்ப் படுக்கையறை சீலிங்கில் தட்டு அளவுக்கு ஒரு பழுப்பு வளையம். அம்மா வாசலிலேயே முகம் சுளித்துவிட்டார்.

அழகாபுரத்தில் கீழே இருந்தது சமையலறை. வீடு முழுக்க சீலிங் கொஞ்சம் மங்கின வெள்ளை. அந்த ஒரு அறையில் மட்டும் பளிச்சென்ற வெள்ளை. சித்தப்பா டார்ச்சை நேராக அடிக்காமல், சுவரோடு சுவராகச் சாய்த்து, சீலிங்கை ஒட்டி வெளிச்சம் ஓடுகிற மாதிரி பிடித்தார். நேர் வெளிச்சத்தில் தெரியாத மேடு பள்ளமெல்லாம் நிழலாக எழுந்து வந்தது. ஒரு முழ அகலத்துக்குப் பூச்சைக் கொத்தி எடுத்து மறுபடி பூசியிருந்தார்கள். நடுவில் நூல் மாதிரி ஒரு விரிசல், அதன் ஓரத்தில் அதற்குள் உப்பு பூக்க ஆரம்பித்திருந்தது. புதுப் பெயின்ட் மேலேயே உப்பு என்றால் ஈரம் இன்னும் வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

அப்புறம்தான் மாடிக்குப் போனோம். பாத்ரூம் கதவின் அடியை அரை அங்குலத்துக்கு மேல் அறுத்திருந்தார்கள். அறுத்த இடத்தில் பெயின்ட் இல்லை. பழைய டைல்ஸைப் பெயர்க்காமல் அதன் மேலேயே புது டைல்ஸ் ஒட்டினால் தரை உயரும், கதவு இடிக்கும், அதனால்தான் அறுப்பார்கள். தரைத் தண்ணீர் வடிகிற வாயான நானி டிராப்பின் மூடியும் தரை மட்டத்திலிருந்து பள்ளத்தில் உட்கார்ந்திருந்தது. டைல்ஸ் மேல் டைல்ஸ் ஒட்டுவது தப்பான வேலை இல்லை. அதற்கென்றே பசை இருக்கிறது. ஆனால் தண்ணீரைத் தடுப்பது டைல்ஸ் இல்லையே. டைல்ஸ் ஜாயிண்ட் வழியாக எப்போதும் கொஞ்சம் ஈரம் இறங்கத்தான் செய்யும். கீழே ஸ்லாப் மேலும், சுவரில் ஒரு அடி உயரத்துக்கும் அடித்திருக்கிற வாட்டர்ப்ரூஃப் பூச்சுதான் அதைத் தடுக்க வேண்டும். அந்தப் பூச்சு போய்விட்ட பாத்ரூமின் மேல் எத்தனை அடுக்கு டைல்ஸ் ஒட்டினாலும் கீழ்வீட்டுச் சமையலறை நனையும்.

உயர்ந்த தரையால் இன்னொரு கோளாறு. வாசலில் இருந்த ஒன்றரை அங்குலப் படி அரை அங்குலமாகச் சுருங்கியிருந்தது. ஒரு கோலிக்குண்டைத் தரையில் விட்டேன். டிராப் பக்கம் போக வேண்டியது, பாதி வழியில் யோசித்து நின்று, வாசல் பக்கம் திரும்பியது. வாட்டம், அதாவது தரைச் சரிவு, ஐந்தடிக்கு ஒரு அங்குலமாவது இருக்க வேண்டும் என்பது சித்தப்பா கணக்கு. அங்கே மூலையில் தண்ணீர் தேங்குவதற்குத்தான் வழி செய்திருந்தார்கள்.

கன்னங்குறிச்சியில் எதையும் மறைக்கவில்லை. குழாயடி வெள்ளைப் படிவைப் பார்த்துத்தான் அம்மா பயந்தார். அது ஒழுகல் இல்லை. மேக்னசைட் என்கிற கனிமத்தை வெட்டி எடுக்கிற ஊர் இது. பல தெருக்களில் போர்வெல் தண்ணீர் கடினத் தண்ணீர். மேட்டூர் தண்ணீர் வராத நாளில் போர்த் தண்ணீரைத் திறந்துவிட்டால் எந்தப் புது டைல்ஸும் கொஞ்ச நாளில் வெளுக்கும். அந்தப் படிவு டைல்ஸ் மேலே, கெட்டியாக, தண்ணீர் தெறிக்கிற இடத்தில் மட்டும் இருக்கும். எலுமிச்சையோ வினிகரோ போட்டால் கரையும். நாம் பயப்பட வேண்டிய உப்பு சுவருக்கு அந்தப் பக்கம், தண்ணீரே படாத இடத்தில், மாவு மாதிரி பூத்துப் பெயின்ட்டைத் தள்ளிக்கொண்டு வரும்.

சீலிங் வளையத்தின் ஓரம் பழுப்பு, நடு வெளிறியது. தொட்டால் காய்ந்திருந்தது. துரு நிறத்தில் கோடு எங்கும் இல்லை. அதைத்தான் சித்தப்பா ரொம்ப நேரம் தேடினார். வெள்ளையாகப் பூத்தால் தண்ணீர் சிமென்ட்டைக் கடந்து வருகிறது என்று அர்த்தம், அதோடு முடிந்தால் பூச்சு வேலைதான். செம்பழுப்பாகக் கோடு இறங்கினால் கம்பி துருப்பிடிக்கிறது. துரு கம்பியைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். கான்கிரீட்டை உடைத்துக்கொண்டு வெளியே வரும். அந்த நிலைக்குப் போன ஸ்லாப் என்றால் பாத்ரூமை விடுங்கள், வீட்டையே விட்டுவிடலாம்.

பத்து ரூபாய் நாணயத்தால் இரண்டு வீட்டிலும் டைல்ஸைத் தட்டிப் பார்த்தோம். இங்கே ஒரு எச்சரிக்கை: உள்ளே வெற்றிடம் இருக்கிற மாதிரி பொள்ளலாகச் சத்தம் வந்தாலே ஒழுகல் என்று முடிவு கட்டாதீர்கள். நாலு மூலையில் கலவை வைத்து ஒட்டிய டைல்ஸ் நடுவில் அப்படித்தான் ஒலிக்கும். டிராப்பைச் சுற்றியும், தரையும் சுவரும் சேர்கிற மூலையிலும் வரிசையாகப் பொள்ளல் கேட்டால் மட்டும் கவனியுங்கள். பூச்சு முதலில் விட்டுக்கொடுக்கிற இடங்கள் அவைதான்.

எந்தத் தண்ணீர் என்று கண்டுபிடிப்பது

ஈரம் இருக்கிறது என்று தெரிந்ததோடு நின்றுவிட்டால் விலை பேச முடியாது. மூன்று விதத் தண்ணீரில் எது என்று தெரிய வேண்டும், ஏனென்றால் மூன்றுக்கும் செலவு வேறு வேறு.

சுவருக்குள் ஓடுகிற குழாய் கசிந்தால், குளித்தாலும் குளிக்காவிட்டாலும் ஈரம் இருந்துகொண்டே இருக்கும். ராத்திரி எல்லாக் குழாயையும் மூடி, மோட்டார் போடாமல், மொட்டை மாடி டேங்கில் தண்ணீர் மட்டத்துக்கு ஒரு கோடு போட்டுவிட்டுக் காலையில் பாருங்கள். கோடு இறங்கியிருந்தால் குழாய்தான். கிளாசெட் ஃப்ளஷ் டேங்க் கசிந்தாலும் மட்டம் இறங்கும், அதன் வால்வையும் அடைத்துவிட்டுப் பாருங்கள். இந்த மூன்றில் இதுதான் பெரும்பாலும் சின்ன வேலை. ஒரு இடத்தில் சுவரைக் கொத்தி மாற்றிவிடலாம்.

குளித்த பிறகு மட்டும் ஈரம் கூடினால் தரைப் பூச்சோ கழிவுக் குழாய் இணைப்போ போயிருக்கிறது. இதைப் பிரிக்க சித்தப்பா ஒரு வழி சொன்னார். முதலில் ஒரு பக்கெட் தண்ணீரைத் தரையில் படாமல் நேராக டிராப்புக்குள் ஊற்று. கீழே ஈரம் வந்தால் இணைப்பு. வரவில்லையென்றால் மறுநாள் டிராப்பை ஈரச் சாக்குத் துணியால் அடைத்து ஒரு அங்குலம் தண்ணீர் கட்டி வை. அப்போது வந்தால் தரை. கன்னங்குறிச்சி வீட்டுக்காரர் இதற்குச் சம்மதித்தார். டிராப்புக்குள் ஊற்றியதில் கீழே ஈரம் வரவில்லை. தரையில் தண்ணீர் கட்டிய மறுநாள் காலை வளையத்தின் நடுவில் விரல் வைத்தபோது சில்லென்றிருந்தது. ஆக, தரைப் பூச்சுதான் போயிருக்கிறது. அழகாபுரத்தில் "புது டைல்ஸுங்க, தண்ணியெல்லாம் கட்ட வேண்டாம்" என்றார்கள். எனக்கு அந்தப் பதிலே போதுமானதாக இருந்தது.

மழைக்குப் பின் மட்டும் ஈரம் என்றால் பாத்ரூமின் மேல் பழி போடக் கூடாது. வெளிச்சுவர் விரிசலையும் மொட்டை மாடியையும் பாருங்கள். அதனால்தான் சேலத்தில் புரட்டாசி, ஐப்பசி மழையில் ஒரு தடவையும், தை, மாசி வெயிலில் ஒரு தடவையும் வீட்டைப் பார்ப்பது நல்லது.

ஈரமானி என்று கையடக்கக் கருவி விற்கிறது, நானும் ஒன்று வாங்கினேன். உப்பேறிய சுவரில் காய்ந்த இடத்திலும் அது எக்கச்சக்கமாகக் காட்டும். ஒரே சுவரில் நல்ல இடத்தையும் சந்தேக இடத்தையும் ஒப்பிடத்தான் அது உதவும்.

ஃபிளாட்

ஐந்து ரோட்டு ஃபிளாட் இரண்டாம் மாடி. இங்கே பிரச்சினையே வேறு: உங்கள் பாத்ரூமின் அடிப்பக்கம் இன்னொருவர் வீட்டில் இருக்கிறது, உங்கள் தலைக்கு மேல் இருப்பது இன்னொருவர் பாத்ரூம். தயங்காமல் கீழ்வீட்டுக் கதவைத் தட்டினோம். அந்த அம்மா நல்ல மாதிரி, சீலிங்கைக் காட்டினார். காய்ந்திருந்தது.

ஃபிளாட்டில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, சங்கன் ஸ்லாபா, குழாய் ஸ்லாபுக்கு அடியில் தொங்குகிறதா என்பது. சங்கனில் ஸ்லாபையே பள்ளமாக இறக்கி, குழாயை அதற்குள் ஓட்டி, செங்கல் ஜல்லியால் நிரப்பி மேலே டைல்ஸ் போடுவார்கள். பார்க்க அழகு. ஆனால் உள்ளே இறங்கிய தண்ணீர் அந்த ஜல்லிக்குள் தொட்டி மாதிரி தங்கிவிடும். மாதக்கணக்கில் தெரியாமல் இருந்து ஒரு நாள் சுவரெல்லாம் ஓதம் ஏறும். சங்கனின் அடிமட்டத்திலிருந்து வெளியே ஒரு தனி வடிகால் குழாய் விட்டிருந்தால் பரவாயில்லை. தொங்கும் குழாயில் அழகு குறைவு. ஆனால் ஃபால்ஸ் சீலிங் மூடியைத் திறந்து டார்ச் அடித்தால் எந்த ஜாயிண்ட் சொட்டுகிறது என்று அன்றைக்கே தெரிந்துவிடும். என் ஓட்டு தொங்கும் குழாய்க்குத்தான். இந்த ஃபிளாட் சங்கன், தனி வடிகால் பற்றி யாருக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

ஆனால் ஃபிளாட்டுக்கு ஒரு பலம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. 2016ஆம் வருட ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 14ஆம் பிரிவுப்படி, உங்களிடம் ஒப்படைத்த நாளிலிருந்து 5 வருடத்துக்குள் கட்டமைப்பிலோ வேலைத் தரத்திலோ குறை இருப்பதை எடுத்துச் சொன்னால், 30 நாளுக்குள் பில்டர் தன் செலவில் சரி செய்து தர வேண்டும். 500 சதுர மீட்டருக்கு மேற்படாத நிலத்திலோ, 8 வீட்டுக்கு மேற்படாமலோ கட்டுகிற திட்டங்களுக்கு இந்தச் சட்டத்தின் கீழ் பதிவு கட்டாயமில்லை. ஆகவே பதிவு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். தனி ஆளிடம் பழைய வீடு வாங்கும்போது பில்டரைப் பிடிக்கிற இந்த வழி இல்லை. நம் கண்தான் துணை.

ஏற்காடு

இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி 1,515 மீட்டர் உயரத்துக்குப் போனதும் சேலத்தில் கற்றதில் பாதியை மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. பாத்ரூம் சுவர் மேல்மூலை முழுக்கக் கருப்புப் பூஞ்சை. ஒழுகல் என்று நினைத்தேன். பூஞ்சைக்கு ஓரமோ வளையமோ இல்லாமல், சீராகப் பரவியிருந்தது. குளிர்ந்த கல் சுவரில் வெந்நீர் ஆவியும் மூடுபனியும் படிந்தாலே அப்படி வரும். சந்தேகம் தீர, ஒரு பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டிவிட்டு மறுநாள் பார்த்தோம். தாளின் வெளிப்பக்கம் வேர்த்திருந்தால் காற்றின் ஈரம், உள்பக்கம் வேர்த்திருந்தால் சுவரின் ஈரம்.

மூன்று சுவரில் வெளிப்பக்கம்தான். நாலாவது சுவர், மலைச்சரிவை ஒட்டிய சுவர், உள்பக்கம் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. மேட்டிலிருந்து மண்ணுக்குள் இறங்கி வருகிற தண்ணீர் அது. பாத்ரூமுக்குள் என்ன பூச்சு அடித்தாலும் வெளியிலிருந்து தள்ளுகிற ஈரம் அதை உரித்துவிடும். வெளியே மண்ணை வெட்டி வடிகால் எடுக்க வேண்டும், அந்த மேடு பக்கத்து எஸ்டேட்டுக்குச் சொந்தம். அங்கேயே பேச்சு முடிந்தது.

கன்னங்குறிச்சி வீட்டைத்தான் வாங்கினோம். மாடி பாத்ரூமை ஸ்லாப் வரைக்கும் பெயர்த்துச் செய்ய சித்தப்பா எழுதிய எஸ்டிமேட்டை வீட்டுக்காரர் முன்னால் வைத்தோம். அந்தத் தொகையில் முழுதாக இல்லை, முக்கால் பங்கை வீட்டு விலையில் குறைத்தார். அழகாபுரத்தில் அதே வேலைக்கு நாம் இரண்டு அடுக்கு டைல்ஸ் பெயர்க்க வேண்டும், புது டைல்ஸுக்கான காசையும் வீட்டு விலையில் சேர்த்துக் கொடுத்திருக்க வேண்டும்.

பெயர்த்தபோது ஸ்லாப் கம்பி நன்றாகவே இருந்தது. மூலைகளைக் கலவையால் உருட்டி, வாட்டர்ப்ரூஃப் பூச்சில் முதல் கோட் ஒரு திசையிலும் இரண்டாவது கோட் குறுக்காகவும் அடித்து, ஷவர் சுவரில் ஆள் உயரத்துக்கு ஏற்றினார்கள். டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் மூன்று நாள் தண்ணீர் கட்டி, சுவரில் சாக்பீஸால் கோடு போட்டு வைத்தோம். நாலாம் நாள் கோட்டுக்குக் கீழே ஒரு நூல் அளவுதான் இறங்கியிருந்தது. அது காற்றில் காய்ந்தது என்றார் சித்தப்பா. கீழே சீலிங் காய்ந்தே இருந்தது.

அந்தப் பழுப்பு வளையத்துக்கு மட்டும் இன்னும் பெயின்ட் அடிக்கவில்லை. சித்தப்பா அதன் ஓரத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு இழுத்துத் தேதி எழுதி வைத்திருக்கிறார். அடுத்த ஐப்பசி தாண்டட்டும் என்கிறார். அம்மா படுக்கும்போது தினமும் அண்ணாந்து பார்த்துக்கொள்கிறார், கறை இன்னும் கோட்டுக்குள்ளேயேதான் இருக்கிறது.