பாதிப் பயிற்சியில் படை மாறலாமா? அமெரிக்க இடைப்படை மாற்றம்: ஒரு மதிப்புரை

அமெரிக்க ராணுவத்தில் ஒரு படையின் ஆளாக இருந்துகொண்டு இன்னொரு படையின் பைலட்டாக மாறும் ஏற்பாடு, கடையில் காசு கொடுத்து வாங்கும் சேவை இல்லை. ஆனால் விண்ணப்பம், வரிசை, காத்திருப்பு, நிராகரிப்பு எல்லாம் இதிலும் உண்டு. கட்டணத்தை வருடக் கணக்கில் வாங்குகிறார்கள். ஆகவே ஒரு சேவையாகவே வைத்து மதிப்பெண் போடலாம். விங்ஸ், அதாவது பயிற்சி முடித்ததற்கான பைலட் பேட்ஜ், வாங்கியவருக்கு இந்த ஏற்பாடு ஐந்துக்கு மூன்றரை. பயிற்சி தொடங்கும் முன்பே மனம் மாறியவருக்கு மூன்று. பயிற்சியின் நடுவில் நிற்கும் மாணவ விமானிக்கு ஒன்று. அந்த ஒன்றும், வழி இருக்கிறது என்று சட்டத்தில் எழுதி வைத்திருப்பதற்காக.

அடிப்படை என்னவோ தெளிவுதான். அமெரிக்கச் சட்டத் தொகுப்பின் 10ஆம் தலைப்பு, 716ஆம் பிரிவு, ஓர் ஆபீசரை அவருடைய சம்மதத்தோடு ஒரு படையிலிருந்து இன்னொரு படைக்கு மாற்ற இடம் கொடுக்கிறது. சம்பளத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் பழைய சர்வீஸ் முழுதும் கணக்கில் வரும். மாறும்போது இருந்ததைவிட மேலான சீனியாரிட்டி மட்டும் தர மாட்டார்கள். இதை நடைமுறைப்படுத்துவது பாதுகாப்புத் துறையின் 1300.04 எண் உத்தரவு. தரைப்படைக்கு அதற்குமேல் ஏஆர் 614-120 என்று தனி விதி. இவற்றில் மாணவர் கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று: விடும் படை, ஏற்கும் படை இரண்டும் சம்மதிக்க வேண்டும். கேட்பது உங்கள் உரிமை, கொடுப்பது அவர்கள் விருப்பம்.

விடும் படை ஏன் சம்மதிக்கும்? அங்கேதான் சிக்கல். விமானப்படை பல ஆண்டுகளாகவே ஏறத்தாழ 2,000 பைலட்டுகள் குறைவு என்று சொல்லிவருகிறது. கடற்படையும் உபரியில் திளைக்கவில்லை. பென்சகோலாவில் நைஃப் எனும் அறிமுகப் பயிற்சியை முடித்து, வைட்டிங் ஃபீல்டிலோ கார்ப்பஸ் கிறிஸ்டியிலோ டி-6பி பயிற்சி விமானத்தில் பிரைமரி எனும் முதல் கட்டப் பறப்புப் பயிற்சியில் பாதியை ஓட்டிவிட்ட மாணவர் மீது ஏற்கெனவே பெரும் தொகை செலவாகியிருக்கிறது. அவரைத் தூக்கி இன்னொரு படைக்குக் கொடுப்பதில் கடற்படைக்கு எந்த லாபமும் இல்லை. ஏற்கும் படைக்கும் அவர் அரைகுறைச் சரக்குதான். கடற்படை தன் மாணவர்களுக்குப் போடும் என்எஸ்எஸ் மதிப்பெண்ணை விமானப்படையின் தரவரிசையோடு நேரடியாக ஒப்பிட முடியாது. இரண்டு இடத்திலும் டி-6 என்றாலும் பாடத்திட்டம் வேறு, விமானமும் வேறு. கடற்படையின் பி ரகத்தில் டிஜிட்டல் திரைகளும் கண்ணுக்கு நேரே தெரியும் டிஸ்ப்ளேயும் உண்டு. விமானப்படையின் ஏ ரகம் பழைய பாணி. விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். முதல் நாளிலிருந்து தொடங்குவதாகவே கணக்குப் போட வேண்டும்.

இந்த ஏற்பாட்டில் மாணவர்கள் விழும் பெரிய குழி ஒன்று உண்டு. மாற்றம் கிடைக்காது என்று தெரிந்ததும், "இங்கே விலகிவிடுகிறேன், பிறகு அங்கே விண்ணப்பிக்கிறேன்" என்று முடிவெடுப்பது. கடற்படையில் இதற்கு டிஓஆர் என்று பெயர், கேட்டு விலகுவது. விமானப்படையில் எஸ்ஐஇ. பெயர் எதுவானாலும் விளைவு ஒன்றுதான். ஒரு படையின் விமானப் பயிற்சியிலிருந்து நீங்கியவர், தானாக விலகினாலும் தேறாமல் போனாலும், மற்றப் படைகளின் பைலட் பயிற்சிக்குப் பொதுவாகத் தகுதி இழக்கிறார். தரைப்படையின் வாரண்ட் ஆபீசர் (சிப்பாய்க்கும் ஆபீசருக்கும் இடைப்பட்ட பதவி) விமானத் திட்டமும் இதைக் கேட்கும், விமானப்படைத் தேர்வுக் குழுவும் கேட்கும். தனித்தனி யூனிட்டுகளே ஆள் எடுக்கும் ஏர் நேஷனல் கார்டிலும் இந்தக் கேள்வியிலிருந்து தப்ப முடியாது, ஏனென்றால் அவர்கள் அனுப்புவதும் அதே விமானப்படைப் பயிற்சிக்குத்தான். விலக்கு கேட்கலாம். ஆனால் அதற்குப் பயிற்சிக் கோப்பு முழுதும் போகும். கடற்படையில் அது ஏடிஜே. ஒவ்வொரு பறப்பின் மதிப்பெண்ணும், ஒவ்வொரு தோல்வியும், விலகும்போது நீங்கள் எழுதிய காரணமும் அதில் இருக்கும். "விமானம் ஓட்ட இனி விருப்பமில்லை" என்று ஒரு வரி எழுதிவிட்டு, ஆறு மாதம் கழித்து இன்னொரு படையிடம் "விமானம் ஓட்டுவதே என் லட்சியம்" என்றால் யார் நம்புவார்கள்?

இதற்குள் பழைய படையும் சும்மா இருக்காது. விலகிய கடற்படை மாணவரின் பெயர் பிஓசிஆர் எனும் குழுவுக்குப் போகும். வேறு பிரிவில் வைத்துக்கொள்வதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று அவர்கள் முடிவு செய்வார்கள். கப்பல் பிரிவுக்குப் போகச் சொன்னால் போக வேண்டியதுதான். ராணுவ அகாடமியில் படித்தவருக்கு 5 வருடப் பணிக்கடன் பயிற்சி நின்றாலும் நிற்காது. அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதை இதைவிடப் பொருத்தமாக வேறெங்கும் பொருந்தாது.

சிவில் பக்கமும் கை கொடுக்காது. ராணுவப் பைலட்டுகளுக்கு எஃப்ஏஏ எனும் சிவில் விமானத் துறையின் 61.73 விதி ஓர் எழுத்துத் தேர்வோடு கமர்ஷியல் லைசென்ஸ் தருகிறது. அது பயிற்சியை முடித்தவருக்கு மட்டும். பாதியில் நின்றவரிடம் பறந்த மணிக்கணக்கு இருக்கும், லைசென்ஸ் இருக்காது.

சரி, யாருக்கு இது வேலை செய்கிறது? முதலில், இன்னும் கமிஷன், அதாவது ஆபீசர் நியமனம், வாங்காதவருக்கு. அனாபொலிஸ், வெஸ்ட் பாயிண்ட், கொலராடோ ஸ்பிரிங்ஸ் அகாடமி மாணவர்கள் படிப்பு முடிக்கும்போதே வேறு படையில் கமிஷன் கேட்கலாம். ஒரு வகுப்பில் அதிகபட்சம் 12.5 சதவீதம் வரைதான் சட்டம் அனுமதிக்கிறது. நடைமுறையில் போகிறவர்கள் அதைவிட மிகக் குறைவு. ஆனாலும் கறை இல்லாத வாசல் இதுதான். பயிற்சிக் கோப்பே இன்னும் திறக்கப்படாததால் நீக்கம் என்ற பேச்சும் இல்லை. ஹெலிகாப்டர்தான் வேண்டும், அதுவும் தரைப்படையில் என்று உறுதியாக இருப்பவர் மூன்றாம் ஆண்டிலேயே கேட்டுவிடுவது நல்லது.

அடுத்து, சோல்ஜர், மாலுமி, ஏர்மேன் நிலையிலிருந்து தரைப்படையின் வாரண்ட் ஆபீசர் விமானத் திட்டத்துக்குப் போகிறவர்கள். பட்டப்படிப்பு கட்டாயமில்லை, பிற படையினரையும் எடுக்கிறார்கள். இங்கே மைய ஆவணம் டிடி 368, நிபந்தனை விடுவிப்புப் படிவம். முதல் பகுதியை ஏற்கும் படையின் ரெக்ரூட்டர் நிரப்புவார். அடுத்ததை உங்கள் படையின் அதிகாரி கையெழுத்திட வேண்டும். கையெழுத்திடும் அதிகாரம் உங்கள் நேரடி கமாண்டருக்கு இல்லாமல் இருக்கலாம். தவறான மேசையில் படிவம் வாரக்கணக்கில் தூங்குவது இதனால்தான். அதிகாரம் யாரிடம் என்று நிர்வாகப் பிரிவில் முதலிலேயே கேட்டு, கோப்பின் மேல் எழுதிக்கொள்ளுங்கள். விடுவிப்புக்குக் காலாவதித் தேதியும் உண்டு. தேர்வுக் குழு கூடும் நாளைப் பார்த்து அதற்கு ஏற்றபடி வாங்காவிட்டால், தேர்வாகும்போது படிவம் செத்திருக்கும். மறுபடி முதலிலிருந்து ஓட வேண்டும்.

தேர்வுகளும் படைக்குப் படை வேறு. ஒன்றின் மதிப்பெண் மற்றதில் செல்லாது. தரைப்படைக்கு சிஃப்ட் எனும் விமானத் தேர்வு: 20 முதல் 80 வரை மதிப்பெண், தேர்ச்சிக்கு 40. வாழ்நாளில் இரண்டு முறைதான் எழுதலாம். அதிலும் ஒரு முறை தேறிவிட்டால் மதிப்பெண்ணை உயர்த்த மறுபடி எழுத முடியாது. 41 எடுத்தவர் 41-உடனேயே போட்டியிட வேண்டும், ஆகவே ஒத்திகைக்காகப் போய் உட்காரக் கூடாது. கடற்படையின் ஏஎஸ்டிபி தேர்வை மூன்று முறை எழுதலாம். விமானப்படையில் ஏஎஃப்ஓக்யூடி எனும் ஆபீசர் தகுதித் தேர்வின் பைலட் பகுதி, டிபாஸ் எனும் ஜாய்ஸ்டிக்-பெடல் சோதனை, சொந்தமாகப் பறந்த மணிநேரம் மூன்றும் சேர்ந்து பிசிஎஸ்எம் மதிப்பெண் ஆகும், 1 முதல் 99 வரை. சின்ன செஸ்னாவில் சொந்தக் காசில் பறந்த நேரம் இங்கே நேரடியாக உதவும். மற்ற இரண்டு படைகளின் தேர்வு மதிப்பெண்ணில் அதற்கு இடமில்லை.

மருத்துவம் தனிக் கதை. கடற்படையின் விமான மருத்துவ நிறுவனமான நாமி கொடுத்த தகுதியும் விலக்கும் தரைப்படையில் தானாகச் செல்லாது. அங்கே கிளாஸ் 1 பரிசோதனை, அதை ஃபோர்ட் ரக்கரில் இருக்கும் விமான மருத்துவப் பிரிவு பார்த்து முத்திரை குத்த வேண்டும். விமானப்படைக்கு ஓஹியோவின் ரைட்-பேட்டர்சனில் தனியாக ஒரு சோதனை. உடல் அளவிலேயே கழற்றிவிடப்படுபவர்கள் உண்டு. தரைப்படையில் கை நீட்டிய மொத்த அளவு குறைந்தது 164 சென்டிமீட்டர், தரையிலிருந்து கவட்டை வரையிலான உயரம் குறைந்தது 75, உட்கார்ந்த உயரம் அதிகபட்சம் 102. இந்த மூன்றையும் வீட்டிலேயே டேப் வைத்து அளந்துவிடலாம். விண்ணப்பக் கட்டுக்காக மாதக்கணக்கில் அலைந்த பிறகு மருத்துவ அறையில் அளக்கக் காத்திருப்பது வீண். கண்ணில் லேசர் சிகிச்சை செய்தவர்கள் அறுவைக்கு முந்தைய கண்ணாடி அளவு, அறுவைக் குறிப்பு, பிந்தைய பரிசோதனை மூன்றையும் கையில் வைத்திருக்க வேண்டும். முந்தைய அளவு இல்லாமல் விலக்குக் கோப்பு நகராது. பக்கத்துக் குறிப்பு ஒன்று: ரக்கர் 2023-இல் நோவோசெல் என்று பெயர் மாறி, 2025-இல் மறுபடி ரக்கர் ஆனது. இடையில் அச்சான படிவங்களில் வேறு பெயர் இருந்தால் பதற வேண்டாம், இடம் ஒன்றுதான்.

கட்டணம் பற்றிச் சொல்லாமல் விலை மதிப்பீடு முடியாது. விங்ஸ் வாங்கிய நாளிலிருந்து கடற்படைப் பைலட் 8 வருடம், விமானப்படைப் பைலட் 10 வருடம் கட்டாயம் பணியாற்ற வேண்டும். தரைப்படை 6-இல் இருந்தது, 2020 அக்டோபரில் 10 ஆக்கினார்கள். தரைப்படைக்குப் போனால் சீக்கிரம் வெளியே வரலாம் என்ற பழைய கணக்கு இப்போது தப்பு. மாறும் மாணவருக்கு இந்தக் கடிகாரம் புதிய படையின் விங்ஸ் நாளில்தான் ஓடத் தொடங்கும். பழைய படையில் காத்திருப்பில் கழிந்த ஒன்றரை வருடம் ஓய்வூதியக் கணக்கில் சேரும், இந்தக் கணக்கில் சேராது. வயது வரம்பும் கமிஷன் வருட வரம்பும் அதே நேரம் எதிர்ப்பக்கத்திலிருந்து நெருங்கிக்கொண்டிருக்கும்.

அதனால்தான் நடுவில் நிற்பவருக்குச் சொல்வது: முடித்துவிட்டு மாறுங்கள். விங்ஸோடு கதவு தட்டுபவரை நடத்தும் விதமே வேறு. கடலோரக் காவல் படையின் நேரடி கமிஷன் திட்டம் மற்றப் படைகளில் பைலட்டாகப் பறந்து அனுபவம் பெற்றவர்களுக்கென்றே இருக்கிறது. மாணவருக்கு அங்கே இடமில்லை. ஹெலிகாப்டர் மட்டும் ஓட்டியவர் போர் விமானத்துக்குப் போக விரும்பினால் மறுபடி பயிற்சி உண்டு என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

மாற ஆசைப்படும் காரணம் விமானம்தானா, படைதானா என்பதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். விமானம் என்றால் படை மாறாமலே கிடைக்கக்கூடும். விமானப்படையின் ஹெலிகாப்டர் மாணவர்கள் ரக்கரில் தரைப்படையோடு பயின்றிருக்கிறார்கள். மரீன், கடலோரக் காவல் மாணவர்கள் கடற்படையின் பள்ளியிலேயே படிக்கிறார்கள். பிரைமரி முடிவில் ஜெட், ஹெலிகாப்டர், பெரிய விமானம் என்று பிரிக்கும்போது ஆசைப் பட்டியலில் எழுதுவது ஒரு காகிதம். படை மாறுவதோ ஒரு கோப்பு.

இவ்வளவுக்கும் பிறகு ஆபீசர் ஒருவர் விண்ணப்பிக்கத்தான் போகிறார் என்றால், ஊர் ரெக்ரூட்டிங் ஆபீசிலிருந்து தொடங்க வேண்டாம். அவர்கள் பெரும்பாலும் புதிதாகச் சேருபவர்களைப் பார்ப்பவர்கள். தரைப்படைக்கு ஃபோர்ட் நாக்ஸ், கடற்படைக்கு மில்லிங்டன், விமானப்படைக்கு சான் அன்டோனியோவின் ராண்டால்ஃப்: ஆபீசர் மாற்றத்தைக் கையாளும் மேசை அங்கே இருக்கிறது. ஏற்கும் படையின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் வரும்வரை விலகல் கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். பயிற்சியில் மதிப்பெண் குறையவும் விடாதீர்கள், ஏனென்றால் மாற்றம் பரிசீலனையில் இருக்கும்போது தோற்றுப்போனால் அது நீக்கமாகவே பதிவாகும். ஸ்க்ரோல் எனப்படும் நியமனப் பட்டியல் பாதுகாப்புச் செயலர் அலுவலகம் வரை போய்த் திரும்பும். அதற்கே மாதங்கள் ஆகும், யாரும் அவசரப்படுத்த முடியாது. எல்லாம் வந்தபிறகும் கடைசியாக இரண்டு தேதிகளைப் பார்க்க வேண்டும்: பழைய படை விடுவிக்கும் நாள், புதிய படையில் உறுதிமொழி எடுக்கும் நாள். ஒன்று முடிந்த மறுநாளே மற்றது இருக்க வேண்டும். நடுவில் ஒரு நாள் காலியாக இருந்தாலும் அது சர்வீஸில் இடைவெளியாகப் பதிவாகி, திருத்தும் வேலை உங்கள் தலையில்தான் விழும்.