பூட்டிக் கிடக்கிற காருக்குப் பழைய ரேடியோவா, டச் ஸ்கிரீனா?

கானாடுகாத்தான் வீட்டில் நிற்கிற எங்கள் காரில், வாங்கும்போதே வந்த ரேடியோ சிடி பிளேயர்தான் இன்னும் இருக்கிறது. போன சிவராத்திரிப் படைப்புக்கு எல்லோரும் கூடியபோது, அதைக் கழற்றிவிட்டு ஆண்ட்ராய்டு டச் ஸ்கிரீன் மாட்டலாம் என்று தம்பி ஆரம்பிக்க, சாப்பாட்டுப் பந்தி முடிகிறவரை அதே பேச்சு. நான் வேண்டாம் என்று நின்றேன்.

டச் ஸ்கிரீனில் மேப் வரும், யூடியூப் வரும், ரிவர்ஸ் கேமரா மாட்டலாம். இதில் வாதாட ஒன்றுமில்லை. தினமும் வண்டி எடுக்கிறவர் அதையே வாங்கிக்கொள்ளலாம்.

எங்கள் கார் அப்படியில்லை. பொங்கல், படைப்பு, பிள்ளையார் நோன்பு, நடுவில் ஒரு கல்யாணம், அவ்வளவுதான். மற்ற நாளெல்லாம் உறை போர்த்திக் கொட்டகையில் நிற்கும். இப்படி நிற்கிற வண்டிக்குப் பாட்டை விட பேட்டரிதான் கவலை. வெளியில் வாங்கி மாட்டுகிற செட்டுகளில் பெரும்பாலும் மஞ்சள் வயர் எப்போதும் பேட்டரியோடு இருக்கும், நேரமும் ஸ்டேஷனும் மறக்காமல் இருப்பதற்காக. சிவப்பு வயருக்குச் சாவி போட்டால்தான் கரண்ட் வரும். மாட்டுகிறவர் அவசரத்தில் இரண்டையும் ஒன்றாக முறுக்கிவிட்டால் செட் தூங்கவே தூங்காது. தேவகோட்டையில் சித்தப்பா மகன் வண்டியில் இதுதான் நடந்தது. மூன்று வாரம் கழித்துச் சாவி போட்டால் டிக் டிக் என்று சத்தம் மட்டும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 35 ஆம்பியர்-அவர் (Ah, பேட்டரியின் கொள்ளளவு) பேட்டரியில் வண்டி மொத்தமாக 20 மில்லி ஆம்பியர் இழுத்தால் மாதத்துக்குச் சுமார் 14 ஆம்பியர்-அவர் போகும், தாங்கிவிடும். அதுவே 60 ஆனால் 24 நாளில் காலி. ஸ்டார்ட் ஆகாமல் போவது அதற்கும் முன்னாலேயே. நல்ல ஆளிடம் மாட்டினால் இந்தத் தொல்லை வராது என்பதையும் சொல்லிவிட வேண்டும். டச் ஸ்கிரீன் வண்டியை நான் இரண்டு நாள்தான் ஓட்டியிருக்கிறேன், அது எத்தனை வருஷம் உழைக்கும் என்பதற்கு என்னைக் கேட்காதீர்கள்.

பழைய செட்டிலும் ஒரு வம்பு உண்டு. ஊருக்குக் கிளம்பும்போது பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டுப் போவது என் வழக்கம். திரும்பி வந்து மாட்டினால் செட் கோட் கேட்கும், திருடினவனுக்குப் பாடக் கூடாது என்று வைத்த ரகசிய நம்பர். தப்பாகவே அழுத்திக்கொண்டிருந்தால் பூட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடும். அந்த நம்பர் அட்டை எப்போதோ தொலைந்துவிட்டது. நல்லவேளை, அப்பச்சி அதை வண்டிக் கணக்கு நோட்டில் பிள்ளையார் சுழிக்குக் கீழே முதல் வரியாக எழுதி வைத்திருந்தார்கள்.

ரேடியோவில் குறையில்லை. புதுக்கோட்டை தாண்டித் திருச்சிப் பக்கம் போனால் 102.1, மதுரைப் பக்கம் கொடைக்கானல் 100.5. சித்தப்பா மகனுக்கு இதிலும் இரைச்சல். சில வண்டிகளில் ஆன்டெனாவுக்குள் சின்ன ஆம்ப்ளிஃபயர் இருக்கும், அதற்குக் கரண்ட் கொடுக்கிற நீல வயரை மாட்டாமல் விட்டால் எஃப்எம் இழுக்காது.

சிடிதான் கொஞ்சம் சோதிக்கும். மாதக்கணக்கில் நின்ற பிறகு முதல் தட்டைப் போட்டால் சுற்றிப் பார்த்துவிட்டு எரர் என்று துப்பும். சின்ன பிரஷ் ஒட்டிய லென்ஸ் கிளீனர் தட்டு ஒன்றை ஓடவிட்டால் எங்கள் வண்டியில் பெரும்பாலும் சரியாகிவிடுகிறது. சாதா ஆடியோ தட்டில் 80 நிமிஷம், எம்பி3 ஆக எழுதினால் 700 எம்பியில் நூற்றைம்பது பாட்டு வரை. பாட்டுப் பெயர் தமிழில் இருந்தால் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். வீட்டில் எழுதிய தட்டை மட்டும் டேஷ்போர்டில் வைத்துவிடாதீர்கள், நம்ம ஊர் சித்திரை வெயிலுக்கு அது தாங்காது.

செட்டில் ஆக்ஸ் துளை இருக்கிறது. மகள் போனை அதில் செருகிக்கொள்கிறாள். மேப்பும் அந்தப் போனிலேயே ஓடுகிறது, தம்பி உட்பட யாரும் இதுவரை வழி தவறவில்லை.