வீடு பெருப்பிக்கப் போகிறீர்களா? முதலில் வாசல் நடைபாதையைப் படம் எடுங்கள்

வடமேற்கு லண்டனில் எங்கள் வீட்டுக் குசினியைப் பின்பக்கமாகப் பெருப்பித்தோம். உள்ளே செய்த வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வாசலுக்கு வெளியே நடந்த அழிவுக்குத்தான் 1,380 பவுண்ஸ் எங்கள் தலையில் விழுந்தது. இந்தக் கோடையில் வேலை தொடங்கப் போகிறவர்கள் தயவுசெய்து வாசியுங்கள்.

எங்கள் தெருவில் நடைபாதைக்கும் றோட்டுக்கும் நடுவில் ஒரு புல்கரை இருக்கிறது. கவுன்சில் 'வேர்ஜ்' என்று சொல்வது அதைத்தான். ஸ்கிப்பை, அதாவது கட்டிடக் குப்பை போடும் பெரிய இரும்புத் தொட்டியை, றோட்டில் வைத்தால் பெர்மிட் வேண்டும், வளவுக்குள் வைத்தால் தேவையில்லை என்றார் பில்டர். அது உண்மை. ஆனால் வளவுக்குள் இறக்குவதற்கு லொறி எதற்கு மேலால் ஏறி வரும் என்று நான் கேட்கவில்லை. எங்கள் வாசலில் வாகனம் ஏறுவதற்காகக் கேர்ப், அதாவது றோட்டோரக் கல், தாழ்த்தியும் இல்லை.

ஒக்டோபர் மழைக்குள் லொறி ஏறியது. சாதாரண ஸ்கிப் லொறி சுமையோடு 18 தொன் வரை வரும். நடைபாதைக் கல் மனிதர் நடப்பதற்காகப் போட்டது. சில்லுகள் புல்லில் புதைய, பின்பக்கத்து இரும்புக் கால்கள் இரண்டையும் கல்லின் மேல் ஊன்றி, மதிலுக்கு மேலால் ஸ்கிப்பை இறக்கினார்கள். இப்படி ஆறு தடவை. கடைசியில் புல்கரையில் ஒரு சாண் ஆழத்துக்குப் பள்ளம், ஒன்பது கல் வெடிப்பு. கால் வைத்தால் கல் ஆடும், அடியிலிருந்து சேற்றுத் தண்ணீர் பீறிடும்.

கவுன்சிலுக்கு அறிவிப்போமா என்று பில்டரிடம் கேட்டேன். "அக்கா, அது கவுன்சில் நிலம், அவங்கள் பாத்துக்கொள்ளுவாங்கள். நீங்களாப் போய்ச் சொன்னா உங்களிட்டத்தான் காசு கேப்பாங்கள்" என்றார். நம்மட ஆள், தெரிந்தவர்கள் சொல்லி வந்தவர், பொய் சொல்லமாட்டார் என்று நம்பினேன். வேலை முடிந்த அன்று இரண்டு வாளி மண்ணைப் பள்ளத்தில் கொட்டி, ஆடும் கற்களுக்குக் கீழே மணலைத் தள்ளிவிட்டு, மிச்சக் காசையும் வாங்கிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு போன் எடுக்கவில்லை.

ஜனவரியில் பக்கத்து வீட்டு வயதான குஜராத்தி அம்மா அந்தக் கல்லில் தடக்கி விழுந்தார். மணிக்கட்டு முறிந்தது. நான் அன்றே அறிவித்திருந்தால் அவர் விழுந்திருக்க மாட்டார். அதை நினைக்காமல் இன்றுவரை அந்த இடத்தைக் கடக்க முடியவில்லை.

அதற்குப் பிறகுதான் இன்ஸ்பெக்டர் வந்தார், கடிதமும் வந்தது. 1980ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டம், 133ஆம் பிரிவு. பக்கத்துக் காணியில் நடக்கும் வேலையால் நடைபாதை பழுதானால் கவுன்சில் அதைத் திருத்திவிட்டு, செலவைக் காணிச் சொந்தக்காரரிடமோ பழுதாக்கியவரிடமோ அறவிடலாம். பில்டரின் விலாசம் யாருக்கும் தெரியாது. எங்கள் கதவிலக்கம் எல்லோருக்கும் தெரியும்.

அந்த ஒன்பதில் இரண்டு கல் முன்பே வெடித்தவை. தண்ணீர்க் கொம்பனி கிண்டிவிட்டுப் போன இடம் அது. இன்ஸ்பெக்டர் மரியாதையாகத்தான் கேட்டார்: "வேலைக்கு முந்திய படம் இருக்கிறதா?" இல்லை. கூகுள் ஸ்ட்ரீட் வியூவில் பழைய படங்களைத் தேடினேன். சரியாக அந்த இடத்தை மறைத்துக்கொண்டு ஒரு வான் நிற்கிறது. அந்த இரண்டு கல்லுக்கும் சேர்த்தே கட்டினோம்.

ஆகவே ஸ்கிப் வருவதற்கு முதல் நாளே உங்கள் வாசலில் இருந்து இரண்டு பக்கத்து வீடுகள் வரைக்கும் படம் எடுங்கள். கல், கேர்ப், புல், மரத்தடி, தண்ணீர் மூடி எல்லாம் தெரியவேண்டும். திகதியோடு உங்களுக்கே ஈமெயிலில் அனுப்பி வையுங்கள். பழைய வெடிப்பு இருந்தால் அப்போதே கவுன்சிலுக்கு அறிவித்து இலக்கம் வாங்குங்கள். கவுன்சிலின் இணையத்தளத்தில் செய்யலாம், தெருப் பழுதுகளை அறிவிக்கும் ஃபிக்ஸ்மைஸ்ட்ரீட் இணையத்தளம் மூலமும் செய்யலாம். புல்லுக்கும் கல்லுக்கும் மேல் தடித்த பலகை விரிப்பதையும், வெளியே பழுதானால் பில்டரே பொறுப்பு என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதுவியுங்கள். அவருடைய காப்புறுதிப் பத்திரத்தின் பிரதியைக் கையில் வாங்குங்கள். நடைபாதையைப் போய்ப் பார்க்காமல் கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள்.

வேலை நடக்கும்போதே பழுதானால் அன்றைக்கே அறிவியுங்கள். முதல் கிழமையே சொல்லியிருந்தால் லொறி நிற்கும்போதே வந்து பில்டரின் பேரில் எழுதியிருப்பேன் என்று இன்ஸ்பெக்டர் என்னிடம் சொன்னார்.

இப்போது புதுக் கல் போட்டாயிற்று, புல்விதையும் தூவியிருக்கிறார்கள். பில்டருக்கு 14 நாள் தவணை கொடுத்துப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பியிருக்கிறேன். பதில் வராவிட்டால் 'ஸ்மோல் கிளெய்ம்ஸ்' என்னும் சிறு தொகை வழக்குக்குப் போவேன். இங்கிலாந்தில் 10,000 பவுண்ஸ் வரை அந்த வழியில் கேட்கலாம், சட்டத்தரணி தேவையில்லை. கையில் இருப்பது கவுன்சில் பில்லும், கல் வெடித்த அன்று மகன் போனில் எடுத்த ஒரே ஒரு படமும்தான். நல்லகாலம், அதில் லொறியின் இலக்கத் தகடு தெரிகிறது.