பெட்டியில் வந்த விமானமும் ஒரு முழம் வால்வு டியூப்பும்

பாலக்காட்டில் ஒரு விளையாட்டுச் சாமான் கடையில் பேரனுக்கு வாங்கியது, நாமே ஒட்டிப் பறக்கவிடும் பொம்மை விமானம். 380 ரூபாய். கடை பெயரும் கம்பெனி பெயரும் வேண்டாம், குறை சொல்லப் போகிறேன், எதற்கு வம்பு. மெல்லிய பால்சா மரத் துண்டுகள், பிளாஸ்டிக் காற்றாடி, அதை முறுக்கிவிட ஒரு ரப்பர், பசை ட்யூப், அப்புறம் விமானம் எப்படி வந்தது என்று சொல்லும் 16 பக்கப் புத்தகம். இவ்வளவுதான் உள்ளே.

எனக்குக் கொழிஞ்சாம்பாறையில் தையல் கடை. பேரன் மூன்றாம் வகுப்பு. பசை காய்ந்து கட்டியாகியிருந்ததால் பெவிகால் வைத்து ஒட்டினோம், இரண்டு மணி நேரம் ஆனது. முதல் தடவை விட்டதும் மூக்கைத் தூக்கிக்கொண்டு போய் அப்படியே தொப்பென்று விழுந்தது. பின்பாரம். மூக்கில் ஒரு சட்டைப் பொத்தானை ஒட்டினேன், நேராகப் போனது. புத்தகத்தில் இதற்கு ஒரு வரி கிடையாது.

மூன்றாம் நாள் ரப்பர் அறுந்தது. கடையில் கேட்டால், “ரப்பர் தனியா வராது, வேற பெட்டி வாங்கிக்கோங்க” என்றார்கள். எதிரே சைக்கிள் கடையில் ஒரு முழம் வால்வு டியூப் வாங்கி, நாலு சுற்றாக மாட்டினேன். பழைய ரப்பரை விட நன்றாக இழுக்கிறது. விமானத்துக்கு சைக்கிள் கடைச் சாமான் போட்டது ஒன்றும் அதிசயமில்லை. ரைட் சகோதரர்கள் வில்பரும் ஆர்வில்லும் அமெரிக்காவில் டேட்டன் என்ற ஊரில் சைக்கிள் கடைக்காரர்கள்தானே. அவர்களுடைய விமானத்தில் இயந்திரத்திலிருந்து காற்றாடிக்குப் போனதே சைக்கிள் செயின் மாதிரிச் சங்கிலிதான்.

அவர்களும் ரப்பர் பொம்மையில்தான் ஆரம்பித்தார்கள். 1878-இல் அப்பா வாங்கி வந்த பொம்மை ஒன்று: தக்கை, மூங்கில், காகிதம், முறுக்கிய ரப்பர். பிரான்சில் பெனோ என்பவர் உருவாக்கிய மாதிரி அது. உடையும் வரை விளையாடிவிட்டு, தாங்களே இன்னொன்று செய்துகொண்டார்கள். அதே பெனோ 1871-இல் பாரிஸ் பூங்காவில் விட்ட ரப்பர் விமானம் 11 விநாடியில் 40 மீட்டர் போனது. 1903 டிசம்பர் 17 அன்று ஆர்வில் பறந்தது 12 விநாடி, சுமார் 36 மீட்டர்.

இதைச் சொன்னதும் பேரன் கேட்டான்: “அப்புச்சி, அப்போ பொம்மைதானே ஜெயிச்சுது?”

நல்ல கேள்வி. அதற்குப் பதில் புத்தகத்தில் இல்லை என்பதுதான் என் பெரிய குறை. பொம்மை தன் போக்கில் போனது. ஆர்வில் பறந்த விமானத்திலோ ஒரு ஆள் படுத்துக்கொண்டு, மேலே கீழே, இடம் வலம் என்று தானே ஓட்டிப் போனார். வில்பர் ஒரு நாள் சைக்கிள் டியூப் வந்த நீளமான அட்டைப் பெட்டியைக் கையில் வைத்து முறுக்கும்போதுதான், இறக்கையையும் இப்படி முறுக்கினால் சாயாமல் பிடிக்கலாமே என்று பிடிபட்டது. பற்பசைப் பெட்டியின் இரண்டு பக்க மூடியையும் கிழித்துவிட்டு முறுக்கிக் காட்டினேன். ஒரு ஓரம் மேலே, ஒரு ஓரம் கீழே. பையனுக்கு உடனே புரிந்தது. புத்தகமோ 1899-க்கும் 1903-க்கும் நடுவில் அவர்கள் பட்ட பாட்டை எல்லாம் விட்டுவிட்டு, கனவு கண்டார்கள், பறந்தார்கள் என்று முடிக்கிறது.

இன்னொரு தப்பு 9-ஆம் பக்கத்தில். இறக்கைக்கு மேலே போகும் காற்றும் கீழே போகும் காற்றும் பின்னால் ஒரே நேரத்தில் சேர்ந்தாக வேண்டுமாம், அதனால்தான் மேலே உள்ளது வேகமாக ஓடுகிறதாம். “சேரலைன்னா என்ன?” என்றான் பேரன். ஒன்றுமில்லை, அப்படிச் சேர வேண்டிய கட்டாயமே கிடையாது. டிவிஎஸ் பிஃப்டியில் பின்னால் உட்கார வைத்து, பரீட்சை அட்டையைச் சற்றே முன்பக்கம் தூக்கிப் பிடிக்கச் சொன்னேன். அட்டை காற்றைக் கீழே தள்ளுகிறது, காற்று அட்டையை மேலே தள்ளுகிறது. தட்டை அட்டைக்கே அந்த உந்தல். எந்த வளைவு நன்றாகத் தூக்கும் என்று பார்க்க, 1901-இல் உள்ளே காற்றை ஊதிவிடும் ஆறடி நீளப் பெட்டி ஒன்று செய்து சுமார் 200 இறக்கை மாதிரிகளைச் சோதித்தார்கள் அண்ணனும் தம்பியும்.

தையல்காரனாக நான் ரசித்தது மகள் செல்போனில் படித்துச் சொன்ன விஷயம். 1900-இல், அவர்கள் பறந்து பார்க்கப் போன கிட்டி ஹாக் என்ற கடற்கரை ஊரில் வில்பர் இறக்கைத் துணியை வெட்டித் தைக்க, உள்ளூரில் டேட் என்பவர் வீட்டு அம்மாவின் தையல் மெஷினை இரவல் வாங்கினார். சோதனை முடிந்து விட்டுப்போன இறக்கைத் துணியில் அந்த அம்மா தன் இரண்டு பெண் பிள்ளைகளுக்கும் கவுன் தைத்துப் போட்டாராம். அந்தத் துணியைத் தொட்டுப் பார்க்கணும் போல இருந்தது.

காற்று விஷயத்தில் வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டும். கிட்டி ஹாக்கை அவர்கள் தேடிப் போனதே காற்றுக்கும் மணலுக்கும்தான். நமக்குக் கணவாய்க் காற்று வீட்டு வாசலிலேயே இருக்கிறது, ஆனால் ஆடியில் இதை விட்டால் அம்மிக்கு முன்னால் இதுதான் பறக்கும், திரும்பி வராது. 1903-இல் மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் எதிர்க்காற்றில் எழும்பிய அசல் விமானத்தையே, நாலாவது தடவை பறந்து இறங்கிய பிறகு காற்று புரட்டிப் போட்டு உடைத்துவிட்டது. காலையில், காற்று எழும்புவதற்கு முன்னால், தரிசுக் காட்டில் விடுங்கள். தென்னந்தோப்பு ஓரம் வேண்டவே வேண்டாம்.

பொம்மைக்கு ஐந்துக்கு நாலு தருவேன். புத்தகத்துக்கு ஒன்று, அதுவும் படங்களுக்காக. ரப்பருக்கு ஒன்றுமில்லை.

எங்கள் விமானம் இப்போது காட்டோரக் கரும்பனையில் மாட்டியிருக்கிறது. 14 விநாடி எண்ணினோம், “ஒண்ணுகூடி, ஒண்ணுகூடி”, அதாவது இன்னொரு தடவை என்று பேரன் குதித்தபடி விட்ட அடுத்த தடவையில் போய் உட்கார்ந்துகொண்டது. கள் இறக்குகிறவரிடம் சொன்னேன். அவர் தென்னைதான் ஏறுவாராம், பனைக்கு வேறு ஆள் பார்க்கணுமாம்.